வர்ஜீனியாவின் லீ குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கும், நாட்டைவிட்டுப் பிரிந்த தெற்கு மாநிலங்களின் தளபதி ராபர்ட் இ. லீயின் பெயர் தெரிந்திருக்கும். அவருக்கு முன்னால் அந்த வீட்டில் ஐந்து தலைமுறை வாழ்ந்திருக்கிறது, பின்னாலும் அந்தப் பெயர் ஓயவில்லை. இந்தக் குடும்பத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும், என் பார்வையில் கேட்டே ஆக வேண்டிய இரண்டொரு கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தக் குடும்பம் எப்போது அமெரிக்கா வந்தது?

முதலில் வந்தவர் ரிச்சர்ட் லீ. இங்கிலாந்திலிருந்து 1640ஐ ஒட்டி வர்ஜீனியாவில் இறங்கினார். காலனி அரசில் வரிசையாகப் பதவிகள் வகித்தார், பழங்குடி மக்களோடு தோல் வியாபாரம் செய்தார், புகையிலை போட்டார். 1664இல் இறக்கும்போது பல்லாயிரம் ஏக்கர் அவர் பெயரில் இருந்தது.

இவ்வளவு நிலம் எப்படி வந்தது? அந்தக் காலத்து வர்ஜீனியாவில் ஒரு விதி உண்டு. கப்பல் கூலி கொடுத்து ஓர் ஆளைக் காலனிக்குக் கொண்டுவந்தால், தலைக்கு 50 ஏக்கர். கொத்தடிமை ஒப்பந்தத்தில் வந்த ஏழை வெள்ளையர்கள் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களைக் காட்டியும் நிலம் வாங்கினார்கள். ஆள் சேரச் சேர நிலம், நிலம் சேரச் சேரப் புகையிலை, அந்தக் காசில் மறுபடி ஆள். லீ குடும்பத்தின் கதையில் பின்னால் வரும் பதவி, படிப்பு, பட்டாளம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்குத்தான் கிடக்கிறது.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஹால் என்கிறார்களே, அது என்ன?

ரிச்சர்டின் பேரன் தாமஸ் லீ கட்டிய பூர்வீக வீடு. தாமஸ் உள்ளூர் நீதிபதியாகவும் இருந்தவர். 1729இல் அவருடைய பழைய வீட்டுக்கு, அவரால் வழக்கில் மாட்டியவர்கள் பழிவாங்கத் தீ வைத்தார்கள் என்பது கதை. வீடு சாம்பலானது. அப்புறம்தான் போடோமக் ஆற்றங்கரையில், 1730களின் கடைசியில், ஆங்கில 'எச்' எழுத்து வடிவில் செங்கல் மாளிகை எழும்பியது. இன்றும் நிற்கிறது, டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கலாம்.

அமெரிக்க விடுதலையில் இவர்களின் பங்கு என்ன?

பெரிய பங்கு. தாமஸ் லீயின் மகன்கள் அரை டஜன் பேரும் ஏதாவது ஒரு விதத்தில் அரசியலில் இருந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் ஹென்றி லீதான், 1776 ஜூன் 7 அன்று, பதின்மூன்று காலனிகளும் விடுதலை பெற்ற நாடுகள் என்ற தீர்மானத்தை, காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸில் முன்மொழிந்தவர். ஜூலை 2 அன்று அது நிறைவேறியது. ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனம், அந்தத் தீர்மானத்துக்கு உலகம் கேட்கும்படி எழுதிய விளக்கம். தீர்மானம் கொண்டுவந்தவர் ஜூன் நடுவில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். எழுதும் வேலை ஜெஃபர்சனிடம் போனது, பெயரும் அவருக்கே போனது.

பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் கூடப்பிறந்த சகோதரர்கள் ஒரே ஒரு ஜோடிதான்: ரிச்சர்ட் ஹென்றியும் பிரான்சிஸ் லைட்ஃபுட் லீயும். இன்னொரு தம்பி ஆர்தர், பாரிஸில் பெஞ்சமின் பிராங்கிளினோடு தூதராக இருந்தார், அவரோடு ஓயாமல் சண்டையும் போட்டார். வில்லியம் அதைவிட வேடிக்கை. இங்கே போர் மூளும் நேரத்தில் அவர் லண்டன் மாநகராட்சியில் ஆல்டர்மேனாக, அதாவது மூத்த மன்ற உறுப்பினராக, தேர்வாகியிருந்தார்.

ரிச்சர்ட் ஹென்றி மேடைப் பேச்சில் கெட்டிக்காரர். 1768இல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து இடக்கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. அந்தக் கையில் கறுப்புப் பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு, பேசும்போது அதையே வீசி வீசிப் பேசுவாராம்.

1759இல், வர்ஜீனியா சட்டசபையில் ஆற்றிய முதல் முக்கியப் பேச்சிலேயே, அடிமை இறக்குமதிக்குக் கடும் வரி போடச் சொன்னார். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள், கடைசிவரை இருந்தார்கள். பேச்சு ஒரு பக்கம், பண்ணை ஒரு பக்கம். இந்தக் குடும்பத்தில் இது இன்னும் சில முறை வரும்.

பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை. தாமஸ் லீயின் மகள் ஹன்னா லீ கார்பின் எனக்குப் பிடித்தமானவர். கணவர் இறந்தபோது உயிலில் ஒரு நிபந்தனை: மறுமணம் செய்தால் சொத்தில் பெரும்பகுதி போய்விடும். ஹன்னா மறுமணம் செய்யவில்லை. ரிச்சர்ட் ஹால் என்ற மருத்துவரோடு கல்யாணம் இல்லாமலே குடும்பம் நடத்தினார், பிள்ளைகளும் பெற்றார். பதினெட்டாம் நூற்றாண்டு வர்ஜீனியாவில், பெரிய வீட்டுப் பெண்! போதாததற்கு, ஊரே ஆங்கிலிக்கன் சபையில் இருக்க, அவர் பாப்டிஸ்ட் ஆனார்.

1778இல் தம்பி ரிச்சர்ட் ஹென்றிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கூடாது என்றுதானே நீங்கள் ராஜாவோடு சண்டை போடுகிறீர்கள், அப்படியானால் சொந்த நிலம் வைத்து வரி கட்டும் விதவைகளுக்கு ஏன் ஓட்டு இல்லை என்பது கேள்வி. அவர் கடிதம் கிடைக்கவில்லை, தம்பியின் பதில் கிடைத்திருக்கிறது. தம்பி மறுக்கவில்லை, சொத்துள்ள பெண்கள் ஓட்டுப் போடலாம் என்றே எழுதினார். எழுதியதோடு சரி.

'லைட் ஹார்ஸ் ஹாரி' யார்? ராபர்ட் லீயின் அப்பா தானே?

ஆமாம். மூன்றாம் ஹென்றி லீ. விடுதலைப் போரில் இலகு குதிரைப்படையை நடத்தியதால் அந்தப் பட்டப்பெயர். 1779 ஆகஸ்டில் நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருந்த பாலஸ் ஹுக் கோட்டையில் இரவோடு இரவாகப் புகுந்து அடித்தார், காங்கிரஸ் தங்கப் பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 23. பிறகு வர்ஜீனியா ஆளுநர். 1799இல் வாஷிங்டன் இறந்தபோது, போரிலும் அமைதியிலும் மக்கள் மனத்திலும் அவரே முதல்வர் என்று சொன்ன புகழ்பெற்ற இரங்கல் வாசகம் இவருடையது.

முதல் மனைவி மட்டில்டா லீ. ஸ்ட்ராட்ஃபோர்டு வீட்டின் வாரிசு அவர்தான். இரண்டு பேருடைய தாத்தாக்களும் அண்ணன் தம்பி. நம் கணக்கில் பங்காளி வீட்டுப் பெண், தங்கை முறை. அங்கே அதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

குதிரைமேல் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. இறங்கியதும் நிலத்தை வாங்கி விற்கும் ஊக வியாபாரம் பிடித்துக்கொண்டது. வாங்கிய நிலம் விலை ஏறவில்லை, கடன் ஏறியது. மட்டில்டா 1790இல் சாவதற்கு முன்பே விஷயம் புரிந்து, வீட்டைக் கணவர் தொட முடியாதபடி பிள்ளைகள் பெயரில் அறக்கட்டளையாக எழுதிவைத்தார். இரண்டாவது மனைவி ஆன் கார்ட்டரின் அப்பாவும் மருமகன் கை படாதபடியே மகளுக்கு உயில் எழுதினார். இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றால் மனிதரைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

கடன்காரர்கள் உள்ளே வராமலிருக்க ஸ்ட்ராட்ஃபோர்டின் கதவுக்குக் குறுக்கே சங்கிலி போட்டதாக ஒரு செவிவழிக் கதை உண்டு. சங்கிலி உதவவில்லை. 1809இல் கடனாளிச் சிறை. உள்ளே உட்கார்ந்து போர் நினைவுகளை எழுதினார். 1812இல் பால்டிமோரில், இங்கிலாந்தோடு போர் கூடாது என்று எழுதிய பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்குத் துணை நிற்கப்போய், கும்பலிடம் மாட்டிக் குற்றுயிராக அடிபட்டார். அடுத்த ஆண்டு உடம்பு தேற மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவர் வீடு திரும்பவே இல்லை. 1818இல் திரும்பும் வழியில், ஜார்ஜியாவின் கம்பர்லாந்து தீவில் இறந்தார். அவர் கிளம்பிப்போனபோது ராபர்ட்டுக்கு வயது ஆறு.

ஸ்ட்ராட்ஃபோர்டு குடும்பத்தின் கையைவிட்டுப் போனது எப்படி?

ஹாரியின் மூத்த தாரத்து மகன், நான்காம் ஹென்றி. அப்பா 'லைட் ஹார்ஸ்' என்றால் ஊர் இவருக்கு 'பிளாக் ஹார்ஸ்' என்று பெயர் வைத்தது. மனைவியின் தங்கை எலிசபெத் மெக்கார்ட்டி அதே வீட்டில், அவருடைய பாதுகாப்பில் இருந்தாள். அந்தப் பெண்ணோடு தொடர்பு, அவளுடைய சொத்தையும் கையாடினார் என்ற வழக்கு. 1822இல் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. கடைசியில் 1837இல் பாரிஸில் இறந்தார்.

இதில் ஒரு திருப்பம். சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை வாங்கியவர் ஹென்றி ஸ்டோர்க் என்பவர், அவர் மனைவி அதே எலிசபெத். அவமானப்பட்ட வீட்டுக்கே எஜமானியாகத் திரும்பி, 1879இல் சாகும்வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். லீ பெயர் கொண்ட பலரைவிட ஸ்ட்ராட்ஃபோர்டில் அதிக காலம் இருந்தவர் அவர்தான்.

ராபர்ட் லீ 1861இல் ஏன் தெற்குப் பக்கம் போனார்? அவருக்கு வேறு வழி இருந்ததா?

நீளமாகச் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

1829இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இரண்டாவதாகத் தேறி, ஒரு கரும்புள்ளிகூட வாங்காமல் வெளியே வந்தவர். பொறியாளர். மெக்சிகோ போரில் பேர் வாங்கினார், பிறகு அதே கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். 32 ஆண்டு அமெரிக்க ராணுவச் சேவை. 1861 மார்ச்சில்தான் லிங்கன் கையெழுத்தோடு கர்னல் பதவி உயர்வு வந்தது, அதை ஏற்றுக்கொண்டார்.

ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியா மாநாடு அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோக ஓட்டளித்தது. மறுநாள், வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் பிளேர் வீட்டில், லிங்கன் சார்பாகப் பிரான்சிஸ் பிரெஸ்டன் பிளேர் அவரைச் சந்தித்து, திரட்டப்படும் வடக்குப் படைக்குத் தலைமை ஏற்கக் கேட்டார். லீ மறுத்தார். 20ஆம் தேதி ராஜினாமா. 23ஆம் தேதி ரிச்மண்டில் வர்ஜீனியா படைகளின் தளபதி. பிரிவினைக்கு வர்ஜீனியா வாக்காளர்கள் ஒப்புதல் தந்தது மே 23 அன்றுதான். அதுவரைகூட அவர் காத்திருக்கவில்லை.

சொந்த மாநிலத்தை எதிர்த்து வாள் எடுக்க மனம் வரவில்லை, வேறு என்ன செய்வார் என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு இந்தப் பதில் போதவில்லை, காரணம் அவர் குடும்பமே. அதே பிளேர் வீட்டின் மருமகன் சாமுவேல் பிலிப்ஸ் லீ. ரிச்சர்ட் ஹென்றியின் பேரன், ராபர்ட்டுக்குத் தம்பி முறை, அவரும் வர்ஜீனியாக்காரர். என் நியமன உத்தரவில் 'வர்ஜீனியா' என்ற சொல் இருந்தால் அந்தப் பக்கம் போகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. வடக்கின் கடற்படையிலேயே இருந்து, தெற்கின் துறைமுகங்களை அடைத்த முற்றுகைக் கப்பற்படை ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். ராபர்ட்டின் சொந்த அக்கா ஆன், வடக்கு ஆதரவாளர், அவர் மகன் வடக்குப் படையில் அதிகாரி. ராஜினாமா செய்த அன்றே ராபர்ட் அக்காவுக்குத்தான் கடிதம் எழுதினார். ராணுவத்தின் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டும் வர்ஜீனியாவில் பிறந்தவர்தான், நகரவில்லை.

வழி இருந்தது. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் அடிமை முறையை வெறுத்தவர் என்கிறார்களே?

1856இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், அடிமை முறை தீமை என்று எழுதினார், அது உண்மை. அதே கடிதத்தில், கறுப்பினத்தவர் ஆப்பிரிக்காவில் இருப்பதைவிட இங்கே நன்றாக இருக்கிறார்கள், விடுதலை எப்போது என்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றும் எழுதினார். முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம்.

அவர் மனைவி மேரி கஸ்டிஸ், வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் கொள்ளுப்பேத்தி. மாமனார் 1857இல் இறந்தார். அவரது பண்ணைகளில் கிட்டத்தட்ட 200 அடிமைகள். ஐந்து ஆண்டுக்குள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று உயில், நிறைவேற்றும் பொறுப்பு ராபர்ட்டுக்கு. எஜமானர் செத்ததும் விடுதலை என்று வாக்குக் கொடுத்திருந்தார் என்று அந்த மக்கள் நம்பினார்கள். ராபர்ட்டோ கடனை அடைக்க அவர்களைக் கடுமையாக வேலை வாங்கினார், வெளியே வாடகைக்கு அனுப்பினார், கெடுவை நீட்டித்துத் தரும்படி நீதிமன்றத்திலும் கேட்டுப் பார்த்தார்.

1859இல் வெஸ்லி நோரிஸ், அவர் தங்கை மேரி, உறவினர் ஒருவர், மூவரும் தப்பி ஓடினார்கள். மேரிலாந்தில் பிடிபட்டார்கள். போர் முடிந்தபின் 1866இல் நோரிஸ் சொன்ன வாக்குமூலம் இருக்கிறது: ஆண்களுக்கு 50 கசையடி, மேரிக்கு 20, அடித்த முதுகை உப்புநீரால் கழுவச் சொன்னவர் லீ, எல்லாம் அவர் பக்கத்தில் நின்றிருக்க. லீ இதற்குப் பொதுவெளியில் பதில் சொல்லவே இல்லை. விடுதலைப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டது 1862 டிசம்பர் 29. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வர மூன்று நாள் இருந்தது.

போரில் என்ன ஆனது?

இதற்கென்றே அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் உண்டு, ஆகவே சுருக்கமாக. 1862 ஜூனில் வடக்கு வர்ஜீனியா படையின் தலைமை. தன்னைவிடப் பெரிய படைகளைப் பல முறை திணறடித்தார். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் சண்டையில் தோற்றார். 1865 ஏப்ரல் 9, அப்போமாட்டாக்ஸில் வடக்கின் தளபதி கிராண்டிடம் சரண். அதன்பின் லெக்சிங்டனில் ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைவர். 1870இல் மரணம்.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறை லீயின் வீட்டு நிலம் என்பது உண்மையா?

உண்மை. சரியாகச் சொன்னால் மேரியின் அப்பா வீட்டு நிலம், 1,100 ஏக்கர், வாஷிங்டன் நகரத்துக்கு ஆற்றின் அக்கரையில்.

1861 மேயில் மேரி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, சாவிக்கொத்தை செலினா கிரே என்ற அடிமைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார். வடக்குப் படை வந்து தங்கியது. வாஷிங்டன் பயன்படுத்திய சாமான்கள் நிலவறையிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைச் செலினா கவனித்தார். திருடும் சிப்பாய்களோடு மல்லுக்கு நின்றார், பிறகு நேராகத் தளபதி மெக்டவலிடம் போய், என்னென்ன போயிற்று என்று பட்டியல் சொன்னார். மிச்சமிருந்தவை பத்திரமான இடத்துக்குப் போயின. இன்று அருங்காட்சியகங்களில் அவை இருப்பது அவரால்தான்.

அப்புறம் வரி விவகாரம். கிளர்ச்சிப் பகுதி நிலங்களுக்கு அரசு வரி போட்டது. ஆர்லிங்டனுக்கு 92 டாலர் 7 சென்ட். மூட்டுவாதத்தால் நடக்க முடியாத மேரி, உறவினர் ஒருவரிடம் பணம் கொடுத்தனுப்பினார். உரிமையாளர் நேரில் வந்து கட்டினால்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1864 ஜனவரியில் ஏலம். அரசே 26,800 டாலருக்கு எடுத்துக்கொண்டது. மே மாதம் முதல் சிப்பாயைப் புதைத்தார்கள். லீ குடும்பம் திரும்பி வரவே கூடாது என்பதில் குறியாக இருந்த வடக்குப் படை ஜெனரல் மெய்க்ஸ், மேரியின் ரோஜாத் தோட்டத்தை ஒட்டியே சவக்குழிகள் வெட்டவைத்தார். அடையாளம் தெரியாத 2,111 பேரின் எலும்புகளை அங்கேயே ஒரே நிலவறையில் அடக்கம் செய்தார்.

அதே நிலத்தில் 1863 முதல், விடுதலையான கறுப்பின மக்களின் குடியிருப்பு ஒன்றும் இருந்தது. வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இருந்த ஊர். 1900இல் அரசு அதைக் காலி செய்துவிட்டது. அந்தப் பண்ணையில் அடிமையாகப் பிறந்த ஜேம்ஸ் பார்க்ஸ், கல்லறையின் முதல் குழிகளைத் தோண்டியவர்களில் ஒருவர், 1929இல் அங்கேயே அடக்கமானார். அந்த மண்ணிலேயே பிறந்து அங்கே புதைக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

நிலத்தைத் திரும்பக் கேட்கவில்லையா?

மூத்த மகன் கஸ்டிஸ் லீ வழக்குப் போட்டார். 1882 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு எடுத்துக்கொண்டது செல்லாது. அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான சமாதிகள் அங்கே இருந்தன. அவற்றைக் காலி செய் என்று கேட்க முடியாது, கேட்கவும் இல்லை. 1,50,000 டாலருக்கு 1883இல் அரசுக்கே எழுதிக்கொடுத்தார். அரசின் சார்பில் பத்திரத்தை ஏற்ற போர் அமைச்சர் ராபர்ட் டாட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

ராபர்ட் லீயின் குடியுரிமை என்ன ஆயிற்று?

1865 அக்டோபர் 2 அன்று விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட்டு அனுப்பினார். அது எங்கோ கோப்புக்குள் போய்த் தூங்கிவிட்டது. 1970இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார்கள். 1975 ஆகஸ்டில் ஆர்லிங்டன் வீட்டில் வைத்தே அதிபர் ஃபோர்டு குடியுரிமையைத் திருப்பித் தரும் தீர்மானத்தில் கையெழுத்திட்டார். 110 ஆண்டு நிலுவைக் கோப்பு!

போருக்குப் பிறகு குடும்பம் அரசியலில் இருந்ததா?

இருந்தது. மகன் 'ரூனி' லீ அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். அண்ணன் மகன் ஃபிட்ஸ்ஹியூ லீ, தெற்கின் குதிரைப்படைத் தளபதியாக இருந்தவர், பிறகு வர்ஜீனியா ஆளுநர். 1898இல் அமெரிக்காவின் 'மெயின்' போர்க்கப்பல் கியூபாவின் ஹவானாவில் வெடித்தபோது அங்கே அமெரிக்கத் தூதரக அதிகாரி அவர்தான். அதே ஆண்டு மறுபடி அமெரிக்க ராணுவச் சீருடை போட்டார். வடக்கில் நின்ற சாமுவேலின் மகன் பிளேர் லீ, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 1913இல் வென்ற முதல் செனட்டர்களில் ஒருவர்.

ராபர்ட்டின் மூத்த மகள் மேரி தனி ரகம், உலகம் சுற்றியவர். 1902இல் அலெக்சாண்ட்ரியா டிராமில் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்து, எழ மறுத்து, கைதானார். கொள்கையா, பெட்டியும் கையுமாக வந்தவரின் பிடிவாதமா என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். எனக்குப் பிடிவாதம் என்றே படுகிறது.

ஜெனரல் சார்லஸ் லீ இந்தக் குடும்பமா?

இல்லை. வாஷிங்டனோடு மோதிய ஜெனரல் சார்லஸ் லீ இங்கிலாந்தில் பிறந்தவர், உறவே கிடையாது. நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீ ஊர் அவர் பெயரில்தான். ஆனால் லைட் ஹார்ஸ் ஹாரியின் தம்பி இன்னொரு சார்லஸ் லீ இருந்தார், அமெரிக்க அரசின் அட்டர்னி ஜெனரல். பதவிக்காலத்துக்குப் பின், சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் மார்பரிக்காக வாதாடியவர் அவர்.

சிலைகள் எல்லாம் எங்கே போயின?

ரிச்மண்டில் 1890இல் நிறுவிய பெரிய குதிரைச் சிலையை 2021 செப்டம்பரில் இறக்கினார்கள். சார்லட்ஸ்வில் சிலையைக் காப்பாற்றுகிறோம் என்று 2017இல் வெள்ளை இனவாதிகள் கூடியதில் ஓர் உயிர் போனது. அந்தச் சிலையும் 2021இல் இறங்கியது, 2023இல் உலையில் உருக்கப்பட்டது.

வர்ஜீனியாவில் உள்ள ஃபோர்ட் லீ ராணுவத் தளத்துக்கு மட்டும் பெயர் திரும்ப வந்துவிட்டதே?

2023இல் அதை ஃபோர்ட் கிரெக்-ஆடம்ஸ் என்று மாற்றினார்கள், 2025இல் மறுபடி ஃபோர்ட் லீ ஆனது. தெற்கின் கூட்டமைப்புத் தளபதிகளின் பெயரை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை, எனவே வேறொரு லீயைத் தேடிப் பிடித்தார்கள். பலகையில் அதே எழுத்துகள்தான். ஆனால் அரசு ஆவணப்படி இப்போது அந்த லீ, வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினச் சிப்பாய் ஃபிட்ஸ் லீ, 1898இல் கியூபாவில் குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டவர்களை மீட்டு உயரிய வீரப் பதக்கம் பெற்றவர்.